பூனைக்குப் பெயர் வைத்தல்: நடுகல் நாய் முதல் புனைகதைப் பூனை வரை

விலங்குகளுக்குத் தனிப்பெயர் இட்டு அழைக்கும் வழக்கத்திற்குத் தமிழகத்தில் 1,400 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்வெட்டுச் சான்று உண்டு. அச்சான்றுகளில் சில கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில் கிடைக்கின்றன. கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள ஊர். அதன் மேற்கே செங்கம், தெற்கே திருக்கோவிலூர், கிழக்கே செஞ்சி. இம்மூன்று ஊர்களும் தமிழ் வரலாற்றில் பெயர் பெற்ற விலங்குகளின் ஊர்கள். செங்கத்து நாய்க்கும், திருக்கோவிலூர்க் குதிரைக்கும், செஞ்சிக் குதிரைக்கும் பெயர் தெரியும். பூனைக்கு மட்டும் பெயர் தெரியாது.

இந்த இடைவெளி இன்று ஒரு நடைமுறைச் சிக்கலாகியிருக்கிறது. மிகுபுனைவு எழுதும் இளம் எழுத்தாளர்கள் பூனைகளைக் கதைமாந்தராக்க விரும்புகிறார்கள். பெயர் வைக்கும் இடத்தில் தயங்கி, ஆங்கிலத் தொடர்நாவல்களில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறார்கள் அல்லது அப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறார்கள். இரண்டும் ஒட்டுவதில்லை. தமிழர்கள் தங்களோடு வாழ்ந்த விலங்குகளை எப்படி அழைத்தார்கள் என்று பார்த்தால் அது ஏன் என்பது புரியும்.

கோவிவன் என்னும் நாய்

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் இவற்றை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. கால்நடைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவையே இவற்றில் பெரும்பாலானவை.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனித்தன்மை வாய்ந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்பவன் இறந்துபட்டதைக் கல் சொல்கிறது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கெனத் தனியே எழுத்துப் பொறிப்பும் உண்டு. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து, தன் தலைவனைக் காத்து நின்றது என்பது செய்தி.

கல்லில் எழுத்துப் பொறிப்பது அக்காலத்தில் எளிய வேலையல்ல. ஒவ்வோர் எழுத்துக்கும் உழைப்பு உண்டு. "ஒரு நாய் காத்து நின்றது" என்று எழுதியிருந்தாலும் போதும். ஊரார் அதன் பெயரையும் எழுதச் செய்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் அந்தக் கல்லைப் பார்க்கப் போகிறார்கள் என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பெயர் இல்லாத நாய் எந்த ஊர் நாயாகவும் இருக்கலாம். கோவிவன் அந்த ஊர் நாய் மட்டுமே.

'அன்' என்று முடியும் ஆண்பால் பெயர் இது. மனிதனுக்கு வைத்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். மிகுபுனைவு எழுதுவோர் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இது. பழந்தமிழர் விலங்குக்கு வைத்த பெயர் 'விலங்குப் பெயர்' போல ஒலிக்கவில்லை.

கன்னட நாட்டிலும் இதற்கு இணையான சான்று உண்டு. மண்டியா மாவட்டத்தின் ஆதகூர்க் கல்வெட்டு தக்கோலப் போரையும் (949) குறிப்பிடுகிறது. காட்டுப்பன்றியோடு போரிட்டு மடிந்த ஒரு வேட்டை நாயையும் குறிப்பிடுகிறது. நாயின் பெயர் காளி. சோழ இளவரசன் இராசாதித்தன் உயிரிழந்த போரும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இருக்கின்றன.

பொற்கொற்றி என்னும் சேவல்

நாய்க்கு முன்பே சேவலுக்குக் கல் எடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த நடுகல் உள்ளது. அதன் எழுத்து முகையூர் மேற்சேரியின் கோழியைக் குறிக்கிறது. இந்தளூரில் கிடைத்த மற்றொரு சேவல் நடுகல் கீழ்ச்சேரிக் கோழியைச் சொல்கிறது. இரண்டும் ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேற்சேரி, கீழ்ச்சேரி என்று இரு தரப்பாகப் பிரிந்து சேவற்போர் நடத்தியதை இவை காட்டுகின்றன.

இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. பொன், கொற்றம் என்ற இரண்டு சொற்களும் அதில் உள்ளன. சண்டைச் சேவலுக்கு வைக்கத் தகுந்த பெயர்தான். ஆனால் கொற்றன், கொற்றி என்பவை அக்காலத்தில் மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்களும்கூட. அரசலாபுரத்துச் சேவல் சேரியின் பெயராலேயே அறியப்படுவதும் கவனிக்கத் தக்கது. அது ஒரு வீட்டுச் சொத்தாக இல்லாமல் ஒரு சேரியின் மானமாக இருந்தது. யாருக்கு உரியது என்பதும் ஒரு விலங்கின் பெயரில் ஒரு பகுதியாக நின்றிருக்கிறது.

சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது

மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே பெயர் வைக்கும் வழக்கம் இலக்கணத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை உயர்திணைப் பெயர், அஃறிணைப் பெயர், இரண்டிற்கும் பொதுவான விரவுப்பெயர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. விரவுப்பெயருக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு சாத்தன். சாத்தன் வந்தான் என்றால் அவன் ஒரு மனிதன்; சாத்தன் வந்தது என்றால் அது ஓர் எருது. பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வினைமுற்று வந்த பிறகுதான் தெரியும்.

உரையாசிரியர்களின் பட்டியல் இத்தோடு நிற்பதில்லை. உடலின் குறையைக் கொண்டு முடவன், முடத்தி. உறுப்பும் இயற்பெயரும் சேர்ந்து முடக்கொற்றன், முடக்கொற்றி. இந்தளூர்ச் சேவலின் பெயரிலுள்ள அதே கொற்றி இங்கே இலக்கண எடுத்துக்காட்டாக வருகிறது. உரைநூலில் கற்பனையாகச் சொன்னதுபோல் தோன்றும் வழக்கு, கல்லில் நேரடியாக நிற்கிறது. பள்ளியில் விரவுப்பெயரை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்தச் சேவலைக் காட்டினால் அந்தப் பாடம் மறக்காது.

புனைகதைக்கு இது மிக முக்கியமான இடம். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவுடன் வேலை முடிந்துவிடும். வினைச்சொல் திணை காட்டாது. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் எழுத்தாளர் முடிவெடுக்க வேண்டும். பூனை வந்ததா, வந்தானா, வந்தாளா? தங்களுக்குள் பேசும்போது பூனைகள் 'அவன்', 'அவள்' என்கின்றனவா? மனிதர்கள் அதே பூனையை 'அது' என்கிறார்களா? இரண்டு உலகங்களுக்கும் இடையிலுள்ள சுவரை ஒரு விகுதியால் எழுப்பவும் இடிக்கவும் முடியும். இந்த வசதியைத் தமிழ் மிகுபுனைவு இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

குதிரையும் அரசனும் ஒரே பெயரில்

திருக்கோவிலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனது குதிரையின் பெயரும் காரி. அவனால் வெல்லப்பட்ட கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் குதிரை ஓரி. சிறுபாணாற்றுப்படை இந்த நால்வரையும், இரு தலைவர்களையும் இரு குதிரைகளையும், சேர்த்தே சொல்கிறது. காரி என்றால் கருமை. ஓரி என்பதற்குப் பிடரிமயிர் என்ற பொருள் உண்டு. இரண்டும் குதிரைக்கு இயல்பாகப் பொருந்தும் பெயர்கள். தலைவன் பெயர் குதிரைக்கு வந்ததா, குதிரையின் பெயர் தலைவனுக்கு வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. சொற்பொருளைப் பார்த்தால் குதிரைதான் முந்தியதோ என்ற ஐயம் எழுகிறது.

நிறத்தால் பெயரிடுவது இன்றும் கால்நடைகளிடம் அப்படியே தொடர்கிறது. காங்கேய மாடுகளில் மயிலை, செவலை, காரி, பிள்ளை என்ற பிரிவுகள் நிறத்தை ஒட்டியவை. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தையில் நின்றால் இத்தகைய நிறப்பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். திருமுடிக்காரியின் குதிரைப்பெயர் இன்று மாட்டின் நிறப்பெயராக வாழ்கிறது.

செஞ்சிக் கதையில் இன்னும் இரண்டு குதிரைகள். செஞ்சியை ஆண்ட தேஜ்சிங், மக்கள் வழக்கில் தேசிங்குராஜன், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு 1714இல் இறந்தான். அவனைப் பற்றிய கதைப்பாடலில் அவன் குதிரை பாராசாரி. நண்பன் மோவுத்துக்காரனின் குதிரை நீலவேணி. டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவன் அடக்கினான் என்று கதை போகிறது. நீலவேணி என்பது கரிய கூந்தலைக் குறிக்கும் சொல். ஒரு பெண்ணுக்கு வைக்கும் பெயர். அது குதிரையின் பிடரிக்குப் பொருந்திவிடுகிறது. கீழ்பென்னாத்தூர் வழியே செஞ்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போது தேசிங்கோடு சேர்த்து அந்தக் குதிரையையும் நினைப்பது இந்தப் பெயர்களால்தான்.

பூனை மட்டும் ஏன் விடுபட்டது

பூனை கால்நடையைக் காக்காது; போருக்குப் போகாது; பந்தயத்தில் சேரியின் மானத்தைச் சுமக்காது. நடுகல் எடுக்கும் காரணம் எதுவும் அதற்கு வாய்க்கவில்லை. ஆகவே அதன் பெயரைப் பொறிக்க யாரும் உளியை எடுக்கவில்லை.

பூனை பழந்தமிழருக்குத் தெரியாத விலங்கு என்பது இதன் பொருளல்ல. சங்கப் பாடல்களில் வெருகு என்ற பெயரில் காட்டுப்பூனை அடிக்கடி வருகிறது. புறநானூற்றில் கபிலர் முல்லை அரும்பைக் குட்டி வெருகின் கூரிய பல்லுக்கு ஒப்பிடுகிறார். குறுந்தொகையில் வேலியோரத்து வெருகுகளைக் கண்டு அஞ்சும் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. இந்த வெருகு எப்போதும் வேலிக்கு அப்பால், இருட்டில் நிற்கிறது. பார்ப்பவர் அதன் பல்லையும் நடையையும் பார்க்கிறார். அதற்கொரு பெயர் வைக்கும் அளவுக்கு அது அருகில் வரவில்லை. வெருகைப் பூசை என்று சொல்வது வழக்கில் உள்ளதால் தள்ள வேண்டாம் என்று தொல்காப்பிய மரபியல் தனியே குறிப்பிடுகிறது. பின்னர் கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அங்கேயும் சொல் பூசைதான், பெயர் இல்லை.

மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இருக்கிறது. அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்குதல் என்றும் அழைக்கப்படும் அந்தச் சிற்பத்தில், அது பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. ஏறக்குறைய அதே காலத்தில், அதே பல்லவர் ஆட்சியில், எடுத்தனூரில் ஒரு நாய் கல்லில் ஏறியது. நாய்க்குப் பெயர் உண்டு, உருவம் எளியது. பூனைக்கு உலகப் புகழ் பெற்ற உருவம் உண்டு, பெயர் இல்லை. ஒன்று தன்னை வளர்த்த ஊருக்காக வாழ்ந்த விலங்கு. மற்றது கதைக்காகச் செதுக்கப்பட்ட போலித் துறவி.

பெயர் இல்லாவிட்டாலும் சொற்கள் ஏராளம். நிகண்டுகளும் அகராதிகளும் பூனைக்குப் பூசை, பூஞை, வெருகு, பாக்கன், ஓதி, மார்ச்சாலம், இற்புலி எனப் பல சொற்களைத் தருகின்றன. இற்புலி என்பதைப் பிரித்தால் இல் + புலி, வீட்டுப் புலி. இதைவிடச் சிறந்த குலப்பெயரை ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் எங்கே தேடுவார் என்று தெரியவில்லை. மூலிகைகளிலும் பூனை ஒளிந்திருக்கிறது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேர் பூனைகளை ஈர்க்கும் என்பதால் வந்த பெயர். பூனைமீசை, பூனைக்காலி என்ற செடிகளும் உள்ளன. பூனைகளின் நாடு ஒன்றைக் கற்பனை செய்பவருக்கு அதன் புனிதச் செடி தோட்டத்து மூலையிலேயே முளைத்துக் கிடக்கிறது.

வடமொழிக் கதைகளின் வழி

பூனைக்குப் பெயர் வைத்தவர்கள் கதை சொல்லிகள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், வலையில் சிக்கிய பூனையும் அதை விடுவிக்கும் எலியும் வரும் கதை உள்ளது. பூனை லோமசன், உரோமம் மிகுந்தவன். எலி பலிதன், நரைத்தவன். அவர்களை அச்சுறுத்தும் கீரி ஹரிதன், பசுமஞ்சள் நிறத்தான். ஆந்தை சந்திரகன். நான்குமே கண்ணால் கண்டதைச் சொல்லும் பெயர்கள். ஆனால் நான்கும் மனிதப் பெயர்களின் கம்பீரத்தோடு ஒலிக்கின்றன. அரசியல் பேசும் விலங்குகளுக்கு அது தேவைப்பட்டது. ஆபத்து நீங்கிய பிறகும் நண்பனாக இரு என்று பூனை கேட்கிறது, எலி மறுக்கிறது. அந்த உரையாடலில் பூனையின் பெயர் வேடிக்கையாக ஒலித்திருந்தால் எலியின் மறுப்பில் எடை இருந்திருக்காது.

பஞ்சதந்திரத்தில் முயலுக்கும் பறவைக்கும் வழக்குத் தீர்ப்பதாகச் சொல்லி இரண்டையும் தின்னும் பூனை சில பாடங்களில் ததிகர்ணன், தயிர் போன்ற வெண்காதன். இதோபதேசத்துப் பூனை தீர்க்ககர்ணன், நீண்ட காதன். பூனையைப் பார்த்த பார்வை காதில் போய் நின்றிருக்கிறது. இதோபதேசத்தில் அந்தப் பூனையால் ஏமாறும் குருட்டுக் கழுகின் பெயர் ஜரத்கவன். அதன் பொருள் கிழ எருது. ஒரு விலங்கின் பெயரை இன்னொரு விலங்குக்குச் சூட்டும் உத்தி இது. கழுகின் முதுமையும் அசைவின்மையும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன.

இந்தக் கதைகள் தமிழில் பலமுறை வந்துள்ளன. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்து தமிழ் உரைநடைப் பாடநூலாகவே வழங்கியது. சிறுவர் பதிப்புகளில் பெயர்கள் உதிர்ந்து, 'ஒரு பூனை', 'ஒரு எலி' என்று சுருங்கின. படிக்க எளிதாயிற்று. பாத்திரம் போயிற்று.

திருவண்ணாமலையின் கல்லறைகள்

20ஆம் நூற்றாண்டில் விலங்குப் பெயர்களின் பதிவு மிகத் தெளிவாகக் கிடைக்கும் இடம் திருவண்ணாமலையின் ரமணாசிரமம். அங்கே பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காகம் ஆகியவற்றுக்குச் சமாதிகள் உள்ளன. 1926இல் ஆசிரமத்திற்கு வந்த லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தது. ரமணர் விலங்குகளை 'அது' என்று சொல்லாமல் அவன், அவள் என்றே குறிப்பிட்டதை அவரோடு இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உரையாசிரியர்களின் சாத்தனை இங்கே மீண்டும் பார்க்கிறோம்.

பெயர்களின் கலவையைக் கவனிக்க வேண்டும். லட்சுமி தெய்வப்பெயர். வள்ளி முருகன் மனைவி. மான் வயிற்றில் பிறந்தவள் என்று புராணம் சொல்வதால் மானுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது. ஜாக்கி ஆங்கிலேயர் காலத்து நாய்ப்பெயர். இன்னொரு நாய் சின்னக் கருப்பன்; நிறமும் காவல்தெய்வமும் கலந்த பெயர். மலையில் அடிபட்டுக் கிடந்து பராமரிக்கப்பட்ட குரங்குக் குட்டி நொண்டி. அது பின்னாளில் தன் கூட்டத்திற்கே தலைவனாயிற்று. முடவன் என்ற விரவுப்பெயரின் பேச்சுவழக்கு வடிவம்தான் நொண்டி. குறையைச் சுட்டும் பெயரோடு ஒருவன் அரசனாவது புனைகதை எழுத்தாளர் யோசித்துச் செய்யும் உத்தி. இங்கே அது தானாக நடந்தது. காகத்திற்கு மட்டும் பெயர் இல்லை. சமாதி உண்டு.

புனைகதைக்கு வந்த பூனைகள்

ருட்யார்ட் கிப்ளிங் 'ஜங்கிள் புக்' (1894) எழுதியபோது இந்திச் சொற்களை அப்படியே எடுத்தார். பாலு என்றால் கரடி, ஹாத்தி என்றால் யானை. ஆங்கில வாசகருக்கு மந்திரம்போல் ஒலித்த பெயர்கள் இந்தி தெரிந்தவருக்குக் 'கரடி என்னும் கரடி' என்றே கேட்டன. அன்னிய மொழியின் பொதுச்சொல் தனிப்பெயராகத் தோன்றுவது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நாமும் 'ஷேடோ', 'டைகர்' என்று வைக்கும்போது இதையே திருப்பிச் செய்கிறோம். ஜப்பானில் நத்சுமே சோசெகி 1905இல் தொடங்கிய நாவலில் கதை சொல்லும் பூனைக்குப் பெயரே வைக்கவில்லை. வீட்டார் அதைப் பொருட்படுத்தாததன் அடையாளம் அது. டி. எஸ். எலியட் 1939இல் பூனைகளுக்கென்றே ஒரு கவிதை நூல் எழுதி, ஒவ்வொரு பூனைக்கும் மூன்று பெயர்கள் வேண்டும் என்று விளையாட்டாக ஒரு கொள்கை வகுத்தார்.

இன்றைய இளம் வாசகர்களை அதிகம் பாதித்தது எரின் ஹன்டர் என்ற கூட்டுப் புனைபெயரில் 2003 முதல் வரும் 'வாரியர்ஸ்' தொடர். அதில் பூனையின் பெயர் இரு பகுதிகள் கொண்டது. முன்பகுதி நிறம், செடி, வேறொரு விலங்கு போன்றவற்றிலிருந்து வரும். பின்பகுதி வயதோடும் பதவியோடும் மாறும். குட்டிக்கு ஒன்று, பயிற்சி பெறுபவருக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று. நம்பகத்தன்மை அங்கே அந்த ஒழுங்கிலிருந்து வருகிறது.

அந்த ஒழுங்கைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் ஆங்கில ஒட்டுகளை மொழிபெயர்க்கிறார்கள். 'தீயிதயம்', 'நீலநட்சத்திரம்' போன்றவை சினிமாத் தலைப்புகள்போல் விழுகின்றன. மரபியலைத் திறந்தால் வேறு வழி தெரியும். விலங்கின் இளமைக்கு அது ஒன்பது சொற்களைத் தருகிறது. வெருகுக்குக் குட்டி, பறழ் இரண்டும் உரியவை என்கிறது. புறநானூறு பிள்ளை என்றும் சொல்கிறது. ஆற்றல் மிக்க ஆண் விலங்குக்கு ஏற்றை என்ற சொல் உண்டு. தொல்காப்பியம் குரங்குக்குச் சொன்ன கடுவன் இன்று பேச்சுவழக்கில் ஆண்பூனைக்கு நிலைத்துவிட்டது. ஒரு பூனை பிறக்கும்போது செவலைப்பறழ், வளர்ந்ததும் செவலைக்கடுவன் என்றால் எந்த விளக்கமும் இல்லாமல் வாசகர் வயதைப் புரிந்துகொள்வார்.

விலங்கின் பெயரை வேறு விலங்குக்கு வைக்கும் உத்திக்கும் நம்மிடம் அண்மைக் காலச் சான்று இருக்கிறது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) நாவலின் நாயகி ஓர் ஆட்டுக்குட்டி. பூனைக்குட்டி அளவே இருந்த அந்தக் கருங்குட்டிக்கு வீட்டில் முன்பு இருந்த பூனையின் பெயர் வந்து சேர்கிறது. பூனை என்ற சொல்லும் 'ஆச்சி' என்ற விகுதியும் சேர்ந்து கொங்கு வீட்டில் யாரோ வாயில் பிறந்த பெயர்போல அது ஒலிக்கிறது. யாராவது மேசையில் உட்கார்ந்து உருவாக்கியதுபோல் ஒலிக்கவில்லை.

பெயரில் உள்ள படிநிலை

பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது எழுத்தாளர் அறியாமலே ஒன்று நடக்கும். தலைமைப் பூனைகளுக்கு விசயேந்திரன், மகாமார்ச்சாலன் என்று வடமொழிப் பெயர்களும், ஏவல் பூனைகளுக்கும் திருட்டுப் பூனைகளுக்கும் கருப்பன், குப்பன், முனியன் என்ற பெயர்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவை இந்த மாவட்டத்தில் நம்மோடு வாழும் மனிதர்களின் பெயர்கள், குலதெய்வங்களின் பெயர்கள். கீழ்பென்னாத்தூர் வகுப்பறை ஒன்றில் தன் தாத்தாவின் பெயர் எலி திருடும் பூனைக்கு வைக்கப்பட்டிருப்பதைப் படிக்கும் மாணவருக்கு அது கற்பனை உலகமாக இருக்காது. எடுத்தனூர்க் கல்லில் இறந்த வீரனின் பெயரே 'கரு' என்றுதான் தொடங்குகிறது. திருக்கோவிலூரை ஆண்டவனின் பெயர் கருமை. கருப்பை ஏவலின் நிறமாக்கியது அந்தக் கற்களுக்குப் பிந்திய காலம்.

மற்றொன்று ஒலி. விலங்கின் பெயர் முதலில் எழுதப்படுவதில்லை, கூப்பிடப்படுகிறது. தொல்காப்பியம் விளிமரபு என்று ஓர் இயலே வைத்திருக்கிறது: சாத்தன் சாத்தா ஆகிறான், கொற்றி கொற்றீ ஆகிறாள். கோவிவனை யாரோ அந்தி நேரத்தில் செங்கத்துக் காட்டோரம் நின்று 'கோவிவா' என்று நீட்டி அழைத்திருப்பார்கள். கடைசி உயிர் நீள்வதால் குரல் தொலைவு போகும். ததிகர்ணன் என்று கூப்பிட்டுப் பாருங்கள், புறக்கடையைத் தாண்டாது. ஆகவே கதையில் ஒரு பூனைக்கு அவையில் வழங்கும் பெயர் ஒன்றும், அம்மா கூப்பிடும் பெயர் ஒன்றும் இருக்கலாம். நம் வீடுகளில் மனிதர்களுக்கே அப்படித்தான் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, வாசலில் நின்று அழைக்க ஒன்று.